பெயருக்கு நடுவே ஒரு சொல்

லிமா, ஜூலை 19

அன்பு மகள் லெட்டிசியாவுக்கு,

ஆண்டவர் துணையால் நீ தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், எனக்கு இந்த ஓயாத தூறலும் முழங்காலும் தவிர வேறு குறை இல்லை. உன் வயிற்றுக் கட்டியை ஆகஸ்ட் பதினான்காம் தேதி எடுக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து, அன்று காலை வியன்னாவில் உன் கட்டிலருகே நான் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். நீ சொன்னபடி, நம்மைப் போன்றவர்களின் பயணத்தை முழுதாகப் பொறுப்பெடுத்துக்கொள்ளும் நிறுவனங்களில் மூன்றை வீட்டுக்கே வரவழைத்துப் பேசினேன். முதலில் வந்தவர் கனவு, அனுபவம் என்றே பேசினார், மாட்ரிடில் அடுத்த விமானம் தவறினால் என்ன செய்வீர் என்று கேட்டேன், மறுபடியும் அனுபவம் என்றே ஆரம்பித்தார். இரண்டாமவருடைய கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழை. மூன்றாவதாக வந்த யெசெனியா என்ற பெண் எந்தக் காலில் வலி, எத்தனை படி ஏறுவேன், இரவில் எத்தனை முறை எழுவேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவளையே தேர்ந்தெடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்த தவறு என்னுடையது. படிவத்தில் எப்போதும்போல, லாரேயாவின் மனைவி என்ற பொருளிலேயே, எர்னெஸ்தினா தெ லாரேயா என்று எழுதினேன். நடுவே விதவை என்று சேர்ப்பதுதான் முறை, ஆனால் உன் அப்பா போன இந்த ஆறு வருடத்தில் நான் அதை எங்கும் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கும் அப்பாவின் பெயரையே வைத்தோம் அல்லவா, அவன் அங்கே பழைய வாடிக்கையாளனாம், என்னை அவன் மனைவி என்று பதிந்துவிட்டார்கள். டிக்கெட் எடுக்கலாமா என்ற கேள்வி அவனுக்குப் போனது, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஞாயிறு சாப்பாட்டில் உன் அண்ணி பவுலா, "என் இடத்தைப் பிடிச்சுட்டீங்களே அத்தை" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "எழுபத்தெட்டு வயசுல தனியா எதுக்கும்மா, அவளுக்கு அங்க புருஷன் இருக்கான்ல" என்றான். டிரைவரிடமும் சொல்லி வைத்திருக்கிறான் போலும், கோயிலுக்கும் மருத்துவரிடமும் தவிர வண்டி எங்கும் திரும்புவதில்லை. இத்தனை அறைகள் உள்ள வீட்டில் எனக்கென்று ஒரு வாசல் இல்லை.

யெசெனியாவைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தனிக் கணக்கு வேணும்னா நீங்களே விதவைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும் சென்யோரா, இல்லேன்னா உங்க வீட்டுக்காரர்தான், மன்னிக்கணும், உங்க மகன்தான் சரின்னு சொல்லணும்" என்றாள். இரண்டு நாள் அந்தப் படிவம் மேசையிலேயே கிடந்தது. இன்று காலை திருப்பலி முடிந்து வந்து எழுதினேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பழக்கிய கையெழுத்து, அந்தச் சொல்லையும் அழகாகத்தான் எழுதியது.

அதோடு முடியவில்லை மகளே. எழுபத்தைந்தைக் கடந்தவர் தனியாகப் பறக்கக் குடும்பத்தில் ஒருவர் சம்மதம் வேண்டுமாம், இவ்வளவு கண்டிப்பான நிறுவனத்தை நான்தானே தேடிப் பிடித்தேன். அந்தக் கட்டத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு, அம்மாவை அனுப்பலாமா என்று கேட்பார்கள். என் நன்மை எது என்று நீயும் யோசிக்க ஆரம்பித்துவிடாதே.

குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. பரிசுத்த அன்னை உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் பதிலுக்குப் பெட்டியோடு காத்திருக்கும்,
அம்மா