மழைக் கொழுந்தின் எடை

மலையகத்து லிந்துலையில் உமது கருமாதிப் படையலுக்கு இட்ட இலையில் ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் மட்டுமே இருந்தன. இறந்தவருக்குப் பிடித்தவற்றையெல்லாம் படைப்பதுதான் உங்கள் வழக்கம் என்பது யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கும் தெரியும். உமது அண்ணியிடம் காரணம் கேட்டேன்.

"எங்க நாத்தனா விரதக்காரங்க, டீச்சர். மத்தத வச்சா ஏத்துக்க மாட்டாங்க."

அந்த விரதத்தை நான் அறிவேன். தொண்ணூறுகளில் நாம் ஒரே பாடசாலையில் கற்பித்தபோது அது வெள்ளிக்கிழமையில் தொடங்கி, சஷ்டியைப் பிடித்து, பிறகு கிழமையே பாராமல் வளர்ந்தது. நீர் எலும்பாகிக்கொண்டிருந்தீர், தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் உம்மிடம் திருநீறு வாங்க வந்தார்கள். வகுப்பில் நீர் கரும்பலகையைப் பிடித்தபடி சரிந்த பிறகுதான் உம்மைக் கண்டிக்கு அழைத்துப் போனேன். மனநல மருத்துவர் அதற்கு அனொரெக்சியா என்று பெயர் சொன்னார்: பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உணவை மறுக்கும் நோய். திரும்பும் ரயிலில், "சாமிக்கு இல்லீங்க டீச்சர், பயத்துக்குத்தான் விரதம் இருந்தேன்" என்றீர். அதைவிடச் சுருக்கமாக எந்த மருத்துவரும் பிறகு சொல்லவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டி நீர் உண்ணத் தொடங்கினீர். வீட்டார் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். மறைவில் அளவின்றி உண்பதும், அஞ்சி அதை வாந்தியெடுப்பதும் எனக்கு மட்டுமே நீர் சொன்னவை. எடையோ ஒழுங்காக நின்றது. கிளினிக்கில் புதிதாக வந்திருந்த இளம் மருத்துவர் தராசைப் பார்த்துவிட்டு, நல்ல சுகம், இனி வரத் தேவையில்லை என்றார்.

"டொக்டர், இவா சுகமெண்டு ஆர் சொன்னது? தராசோ?" என்றேன்.

அப்போதுதான் உமக்கு வாய் திறந்தது. "மழைக் கொழுந்துக்குத் தண்ணி கழிக்காம எடை போடுறீங்க, டொக்டர்."

கங்காணி மகள் அல்லவா? நனைந்த தேயிலைக் கொழுந்தை நிறுத்தால் தண்ணீருக்கு ஒரு பங்கு கழிப்பது தோட்டத்து முறை. இளம் மருத்துவருக்கு அது விளங்கவில்லை. நல்லவேளையாகப் பெரிய மருத்துவரைக் கூப்பிட்டார்.

அந்த அம்மையார் தராசை விட்டுவிட்டு உம்மைக் கேட்டார். இப்போது இது புலிமியா என்றார். முதற்பெயரும் பிழையன்று, அன்றைக்கு அது சரி. இந்நோய் ஒரே ஆளிடத்தில் காலப்போக்கில் உருமாறுவதுண்டு; உருமாறினால் பெயரும் மாறவேண்டும், வைத்தியமும் மாறவேண்டும் என்றார். பின்னர் வாந்தி நின்று, அளவின்றி உண்பது மட்டும் எஞ்சியபோது மூன்றாவது பெயரும் வந்தது. "எங்கப்பா வச்ச பேரு ஒண்ணுதான். இவங்க மூணு வச்சிட்டாங்க. பேரு வைக்கிற விசேஷத்துக்கெல்லாம் நீங்கதான் தவறாம வர்றீங்க டீச்சர்" என்று சிரித்தீர்.

படையலின்போது உமது அண்ணன் சொன்னார்: "டொக்டருங்களுக்கே என்ன நோயின்னு தெரியல, டீச்சர். பேர மாத்திக்கிட்டே இருந்தாங்க. நோயாவது ஒண்ணாவது! பக்திதான்."

பெயர் மாறியதால் நோயே பொய்யாம்.

"அவையள் விடாமப் பாத்துக்கொண்டு இருந்தபடியால்தான் பேர் மாறினது. நீங்கள் ஒருக்காப் பாத்திட்டு, சாமி எண்டு கும்பிட்டிட்டு இருந்திட்டியள்" என்றேன்.

இழவு வீட்டில் இப்படியா என்று முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அடுப்படியில், வந்தவர்களுக்குச் சுட்ட தேங்காய் ரொட்டி இருந்தது. ஒன்றை எடுத்து, தொட்டுக்கொள்ளும் காரச் சம்பலோடு உமது இலையில் வைத்தேன்.

"அவங்க ரொட்டி தின்னு நாங்க பாத்ததே இல்லியே," என்றார் அண்ணி.

"நான் பாத்தனான்."

பார்த்தேன். பெரிய மருத்துவர் சொன்னபடி ஆசிரியர் அறையில் மதியந்தோறும் நாம் சேர்ந்து உண்டோம். உண்டதை நீர் வாந்தியெடுக்கப் போகாதபடி உடனே எழாமல், உணவைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசினோம்: பாடசாலை அதிபரின் குடை, நானுஓயாவுக்கு ஒருபோதும் நேரத்துக்கு வராத ரயில். சில நாட்கள் தோற்றோம். கடைசியில் உம்மைக் கொண்டுபோனது நிமோனியா. அதற்கு வெகுமுன்பே நீர் அந்த ரொட்டியை அச்சமின்றி உண்டு, இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டீர். அதற்கு நான் சாட்சி.

இன்றும் மதியம் உண்டபின் நான் உடனே எழுவதில்லை. எதிரே யாருமில்லை, கை காய்ந்துபோகிறது. தட்டை எடுக்க மருமகள் வந்தால், "பொறும் பிள்ளை, கதை இன்னும் முடியேல்லை" என்று சொல்லிவிட்டு இருக்கிறேன்.