வளர்ச்சி காணப்படவில்லை

மன்னித்துக்கொள். இறந்துபோனவளுக்குக் கடிதம் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ எதிரில் இருந்தபோதே சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள் நான். இன்று காலை லேபில் கிருமி கொல்லும் நீராவிக் கலனின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. பாக்டீரியாவுக்கு நாங்கள் காய்ச்சும் உணவின் வாடை. "ஏட்டி, ஆட்டுக்கால் சூப்புல முங்கிட்டு வாரியா?" என்று மாடியறை வாசலிலேயே என்னை நிறுத்திவைப்பாயே, அதே வாடை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து குடிவந்தவள் நீ. உனக்குப் போன் தயாரிக்கும் கம்பெனியில், பாகம் பூட்டும் லைனில் வேலை. எனக்கு ஒரகடத்தில் ஊசிமருந்துக் கம்பெனி லேபில். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி முடித்தவள் நான். அங்கே என்ன செய்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை, யாரும் கேட்டதுமில்லை. நீ கேட்டாய்.

ஸ்போரைப் பற்றிச் சொன்னேன். உணவு தீர்ந்துபோனால் சில பாக்டீரியாக்கள் தடித்த ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராகிக் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொதிக்கவைத்தாலும் லேசில் சாகாது. அதனால்தான் ஸ்போர் தடவிய காகிதத் துண்டு ஒன்றையும் கலனுக்குள் வைத்து எடுத்து, உணவு கொடுத்துப் பார்ப்போம். அது எழுந்து வராவிட்டால் கலன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

"அப்பம் அது தூங்குதா?"

"தூங்குறவங்க மூச்சு வுடுவாங்களே. இது வுடுற மாரி தெரில."

"அப்பம் செத்துட்டுன்னு சொல்லு."

"சாவல. சோறு வெச்சா எழுந்துக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மாடிக்கு வந்து சத்தம் போட்டாள். "இன்னாம்மா, வெயிலு உச்சிக்கு வந்துச்சு, இன்னும் படுத்துக்கினு கீற. உசுரு கீதா இல்லியா?" போர்வைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "தெரியலத்தே. சோறு வச்சுப் பாருங்க." அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, "இவளுக்கு இப்டிகூட சிரிக்க வருமா?" என்றாள்.

எழுந்து வராத ஸ்போரைச் 'செத்தது' என்று எழுத மாட்டோம் என்றும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். 'வளர்ச்சி காணப்படவில்லை' என்று மட்டும்தான் எழுதுவோம். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது. "பெரிய வக்கீலுவ" என்று உதட்டைப் பிதுக்கினாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே நினைவு தப்பிவிட்டது. உன் அம்மா பஸ்ஸில் ஏறியிருந்தார். "நான் வந்துட்டு இருக்கேன்னு அவ காதுல சொல்லும்மா" என்றார் போனில். குனிந்து சொன்னேன். விழுப்புரம் தாண்டிட்டாங்க என்றேன். செங்கல்பட்டு வந்துட்டாங்க என்றேன். உன் இமை அசையவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது ஞாயிறுதோறும் என்னை அழைக்கிறார். சாப்பிட்டாயா என்று முதலில் விசாரிப்பார். பிறகு அதே கேள்வி. "நான் வாரேன்னு சொன்னது அவளுக்குக் கேட்டுச்சாம்மா?"

"தெரிலம்மா. அசைவு எதுவும் பாக்கல" என்பேன். லேபில் பழகிய வாய். "சரிம்மா, நல்லா இரு" என்று வைத்துவிடுவார்.

அதிலிருந்து ஸ்போரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். உள்ளே ஏதாவது நடக்கிறதா இல்லையா என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. மிக மெல்லிய இயக்கம் இருக்கிறது என்கிறார்கள் சிலர். நீங்கள் அளந்தது கிடப்பவற்றை அல்ல, கூட்டத்தில் ஏற்கெனவே விழித்துவிட்ட சிலவற்றை என்கிறார்கள் மற்றவர்கள். இன்னொன்றும் படித்தேன். எழுப்பப் போதாத அளவுக்குத் துளி உணவு காட்டினால், ஸ்போர் வெளியே மாறாமல் அப்படியே கிடக்குமாம். ஆனால் உள்ளே சேர்த்து வைத்திருக்கும் உப்பில் கொஞ்சம் குறைந்திருக்குமாம். எழாவிட்டாலும், கூப்பிட்டது பதிந்திருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் இதைப் படித்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நீ ஸ்போர் இல்லை. எனக்குத் தெரியும். அது எழுவதற்காகக் கிடக்கிறது. நீ முடிந்துகொண்டிருந்தாய். ஸ்போரை வைத்து உனக்குக் கேட்டது என்று சொன்னால் எங்கள் லேபில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் பார்த்தது, இமை அசையாததை மட்டும்தான். உனக்குக் கேட்காததை நான் பார்க்கவில்லை.

கேட்டதையும் பார்க்கவில்லை.

நாளை ஞாயிறு. போன வாரம் உன் அம்மாவின் குரல் மிகவும் மெலிந்திருந்தது. "இந்த ஒண்ணுதாம்மா என்னைத் தூங்க விடமாட்டேங்கு" என்றார். பார்க்காத ஒன்றைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன்னிடம் கேட்காமல் சொல்லவும் மனம் வரவில்லை. இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நாளைக்கு அவர் கேட்கும்போது, "கேட்டுச்சும்மா" என்று சொல்லிவிடட்டுமா?