ஷோகேஸில் தூங்கியவர்

என் கண்ணு,

அப்பா தூக்கத்துலயே போயிட்டார்னு சொன்னேனே, எங்கேன்னு சொல்ல வாய் வரல.

கடையிலதான். புது மெத்தை வந்தா ஷோகேஸ்ல அவரே படுத்துக் காட்டுவாரே. "முதலாளி தூங்கினாத்தான் சரக்கு நகரும்"பார். சின்ன வயசுல நீயும் அவர் வயித்துமேல தூங்கி வியாபாரம் பண்ணவதானே.

அன்னைக்கும் அப்படித்தான் படுத்திருந்தார். எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுபோனேன். "எழுப்பாதீங்கக்கா, முதலாளி தூங்கற அழகைப் பார்த்து இப்பதான் ஒருத்தர் அதே மெத்தையைக் கேட்டு வாங்கிட்டுப் போறார்"னான் சேல்ஸ்மேன். எனக்குப் பெருமை தாங்கல. ஃபேனை அவர் பக்கம் திருப்பி வெச்சேன்.

உயிர் போய் அப்பவே ரொம்ப நேரமாச்சுன்னார் டாக்டர்.

எனக்கு அன்னைக்கு நல்ல பசி, கண்ணு. அவர் கால்மாட்டுல உட்கார்ந்து ரசிச்சுச் சாப்பிட்டேன்.

அம்மா