பவுடர் செக்ஷன் சட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினாறு நாளாகிறது. பதிலைக் காணோம் என்று மாமாவிடம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டிக்கொள். மாமாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதலில் எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உன்னிடமும் பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

எனக்கு இருப்பது சளி இல்லையாம், அக்கா. துணி காயப்போட மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனில வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "சமையல்கட்டுதான் சார் என் கம்பெனி, லீவே கிடையாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். பிறகு, அவர் துணியை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டார்.

உனக்குத் தெரியாததா? பத்தொன்பது வருஷமாக இவர் பவுடர் செக்ஷனில் நிக்கல் தூள் சலிக்கிறார். கண்ணுக்கே தெரியாத பொடி அது. மாஸ்க் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வருஷா வருஷம் குழாயில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இவரும் ஜம்மென்று ஊதிவிட்டு வருகிறார். யூனிஃபார்ம் மட்டும் வீட்டுக்கு வரும். பாப்பா பிறந்த நாளிலிருந்து, அவள் மேல் தூசி படக் கூடாது என்று பின்வாசலிலேயே சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவளிடம் போவார். நானும் வீட்டுக்குள் பறக்கக் கூடாதென்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நன்றாக உதறிவிட்டு நனைப்பேன். உன் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி பார்.

அந்தப் பொடி மூச்சோடு அடி நெஞ்சு வரை போய்த் தங்கிவிடுமாம். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு எதுவும் தோன்றவில்லை என்றார் டாக்டர். இறுகியது இனி இளகாதாம்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சின்ன வயதில் பாப்பா இவர் ஓட்டிய சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டதற்கே, ஒரு வருஷம் அந்தச் சைக்கிளைத் தொடாமல் வேலைக்கு நடந்தே போன மனுஷன். தன் கையால் எனக்குக் கொடுத்தது இது என்று தெரிந்தால் என்ன ஆவாரோ. துணியைச் சலவைக் கடையில் போடலாமா என்றும் யோசித்தேன். அந்தக் கடைக்காரருக்கும் நெஞ்சு இருக்கிறதே. மூக்கைக் கட்டிக்கொண்டு, உதறாமல் நானே தண்ணீரில் முக்கிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. "நீ படுத்துக்கோ, பாப்பா பாத்துப்பா" என்று இவர் சட்டையை அவளிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒத்தாசை செய்கிற சந்தோஷத்தில் அவள் நான் செய்வது போலவே கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே படீர் படீரென்று இரண்டு உதறல் கேட்டது. நான் போட்ட கத்தலில் இருவரும் வெலவெலத்துப் போனார்கள். அவள் அழுதுவிட்டாள். ஏன் கூடாது என்று கேட்கிறாள்.

போன கடிதத்தில் பாப்பாவை லீவுக்கு அனுப்பு என்று நீ கேட்டதற்கு, அவள் இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும் என்று எழுதினேன். இப்போது நானே கேட்கிறேன், அவளைக் கூப்பிடு. மாமாவுக்கு முடியவில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று இவருக்கு எழுது. மாமா என்னை மன்னிக்கட்டும். அவள் அங்கே வந்து சேர்ந்த பிறகு இவரிடம் எல்லாம் சொல்லிவிடுகிறேன். அவர் உடைவதை அவள் பார்க்க வேண்டாம்.

அவளுக்குப் பெட்டி கட்டப் போவதில்லை. உடுத்திய துணியோடு வருவாள். நீ புதிதாக எடுத்துக் கொடு. வந்ததும் அவளைக் குளிக்கச் சொல். அவள் கழற்றிப் போடும் துணியை அப்படியே தண்ணீரில் அமுக்கிவிடு.

உதறிவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தங்கை