ஜீயஸுக்கு ஓர் ஆமென்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? படகில் ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

நேற்று இங்கே எடின்பரோ கல்லூரியில் கிரேக்கப் பாட்டு ஒப்பிக்கும் போட்டி. இறையியலோடு பழைய கிரேக்க இலக்கியமும் சேர்த்துப் படிக்கிறவள் நான் ஒருத்திதான். "வேதக்காரி வந்துட்டா, காணிக்கைத் தட்டு எங்கடா?" என்றான் கூடப் படிக்கும் ஹாமிஷ். எனக்கு வந்தது அஞ்ஞானிகளின் தெய்வமான ஜீயஸைத் துதிக்கும் பாட்டு. கண்ணை மூடிச் சொல்லி முடித்தேன். முடித்த வேகத்தில் "ஆமென்" என்றும் சொல்லிவிட்டேன்.

அரங்கமே சிரித்தது. நடுவர் கின்னியர்ட் அம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும் இதைப் பாடமா ஒப்பிச்சாங்க. இவதான் ஜெபமா சொன்னா," என்றார். முதல் பரிசு எனக்கு. முதலில் கைதட்டியவன் ஹாமிஷ்.

பயப்படாதீர்கள், ஜீயஸிடம் போய்விடவில்லை. சபையில் உங்களோடிருக்கும் மற்ற மூப்பர்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு படிப்பையும் எடுத்தபோது "ரெண்டு படகுல கால் வெக்காத" என்றீர்கள். வைத்தேன் அப்பா, விழவில்லை.

கம்பளிக் காலுறையும் ஓட்ஸ் ரொட்டியும் அனுப்புங்கள். வீட்டில் நீங்கள் ஜெபம் பண்ணுவீர்கள், நான் ஆமென் சொல்வேன். இங்கே சாப்பாட்டு மேசையில் இரண்டையும் நானே சொல்கிறேன், நேற்று மேடையில் வாயில் வந்ததும் அந்தப் பழக்கம்தான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். இது கிடைக்கும் இரவு, ஜெபத்தின் முடிவில் கொஞ்சம் பொறுங்கள். ஆமெனை நான் சொல்கிறேன்.

உங்கள் மர்டினா