லெவோச்சாவில் ஓர் அறை

அன்புள்ள அப்பாவுக்கு, நெவெனா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கோஷிட்சே ஆஸ்பத்திரியில் எனக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்தார்கள். பழைய மதில் நகரங்களைப் பார்க்க தெசிதெருடன் பஸ்ஸில் கிளம்பினேன். ஆம், நாடோடிக் கூட்டமென்று ஊரே ஒதுக்கும் ரோமா இனத்தவர் என்று நீங்கள் வேண்டாமென்ற அதே தெசிதெர்தான்.

லெவோச்சாவில் முழங்கால்வரை பனி. போனில் அறை இருக்கிறது என்ற விடுதிக்காரம்மா, தெசிதெரின் முகத்தைக் கண்டதும் மாறிவிட்டாள்.

“ரூமெல்லாம் நிறைஞ்சிடுச்சும்மா.”

“அரை மணி முன்னாடி இருக்குன்னீங்களே?”

“அது உனக்கு மட்டும்.”

“விடு நெவெனா, இவங்க கட்டில் என் காலுக்குப் பத்தாது,” என்று தெசிதெர் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் காது சிவந்துவிட்டது.

நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், “போன்ல ரூம் இருந்துச்சுங்க, இவரைப் பார்த்ததும் காணாம போயிடுச்சு,” என்று உரக்கச் சொன்னேன். ஆறாவது ஆள் வந்ததும் விடுதிக்காரம்மா சாவியைத் தூக்கி மேசையில் போட்டாள். நன்றாகத் தூங்கினோம், கவலைப்படாதீர்கள்.

அப்பா, கோடையில் அவரைப் பற்றி நீங்கள் சொன்ன அதே சொல்லைத்தான் அவளும் முணுமுணுத்தாள். அவளுக்கு விட்டுக்கொடுக்காத நான் உங்களுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈஸ்டருக்கு இருவரும் வருகிறோம்.

அம்மா அரைக்கும் மிளகாய்ப் பசை ஒரு பாட்டில் அனுப்புங்கள்; இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை. கம்பளிக் காலுறையும் பின்னச் சொல்லுங்கள், இரண்டு ஜோடி. ஒன்று பெரிதாக, நாற்பத்தைந்தாம் அளவில் இருக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
நெவெனா