செனட்டர் செத்த சனிக்கிழமை

மே 29, வியாழன்

காலையிலிருந்து மழை. தொண்டைக்கு மிளகுப் பால். உபி தொழிற்பேட்டையில் ஸ்டூடியோ, இமயமலை வந்தாலும் போர்வை கேட்கும் குளிர். வெள்ளைக்காரர்கள் கோடிகளைக் கொட்டி எடுத்த ரோமாபுரித் தொடர். அதில் கிழட்டுச் செனட்டருக்கு அடியேன் தமிழ்க் குரல். இன்று மன்றப் பேச்சு. கர்ஜித்தேன். தேக்கா சந்தையில் புறாக்கள் பறந்திருக்கும்.

டப்பிங் நடத்தும் மீரா: "அங்கிள், கொஞ்சம் கம்மியா லா. பக்கத்து ரூம்ல கேக்குது."

கதை வெளியே கசியக்கூடாதாம். திரையை முழுக்கக் கறுப்பாக்கி, உதட்டை மட்டும் காட்டுகிறார்கள். காட்சிகளும் முன்பின்னாக. கடைசியில், "வலிக்கிற மாதிரி ஒரு முனகல் குடுங்க அங்கிள்." கிழவனுக்கு முழங்கால் வலி போலும். என் முழங்காலை நினைத்துக்கொண்டு முனகினேன். ஒரே டேக்.

மே 31, சனி

கதிர் போன். "சனிக்கிழமைக்கு ஒரு எபிசோடாப்பா? எத்தனையில வர்றீங்க?"

"எட்டுலயும்தான்டா." யாரும் சொல்லவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்?

"அப்ப உங்க ரோல் முடியற வரைக்கும் சனிக்கிழமை அங்க வந்துடறோம்."

அவன் அம்மா போனபின், அரை மணி தூரத்துச் செங்காங்கிலிருந்து ஈசூன் வீட்டுக்கு வர என் மகனுக்குத் தீபாவளி தேவைப்படுகிறது. இப்போது ரோமாபுரி. இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

புழுக்கம். வாங்கியவை: மட்டன், புதினா, தயிர், மருமகள் ஷாலினிக்குப் பிடித்த முறுக்கு. இருவரும் வந்தார்கள். மன்றப் பேச்சு வந்ததும் கதிர் சிரித்தான்: "அம்மா இருந்தா, டிவியக் குறைங்கன்னு சொல்லியிருப்பாங்க." மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டான்.

இன்னும் ஏழு சனிக்கிழமை. ரோமப் பேரரசே அவ்வளவு நாள் நீடித்திருக்காது.

ஜூன் 14, சனி

குளியல் மண்டபத்துப் படியில் நாலு பேர் சூழ்ந்து குத்தினார்கள். இரண்டாம் பகுதியிலேயே. முழங்கால் வலி என்று நான் முனகியது உயிர் போன முனகல்.

ஷாலினி: "ஐயோ மாமா, செத்துட்டீங்களா?"

கதிர்: "அவ்வளவுதானாப்பா? எட்டுன்னு சொன்னீங்க?" கை அதற்குள் போனுக்குப் போய்விட்டது. பெயர்கள் ஓடி முடியும்முன் செருப்பு மாட்டியாயிற்று. என் பெயர் கடைசியில் வந்தது. நான் பார்த்தேன்.

பிணத்தை அடக்கம் செய்யக்கூட யாரும் நிற்கவில்லை. ரோமிலும் சரி, ஈசூனிலும் சரி.

ஜூன் 17, செவ்வாய்

முழங்காலில் தைலம். உபிக்குப் போய் மீராவிடம் கெஞ்சல். மேடையில் மாமன்னர்கள் என் காலில் விழுந்திருக்கிறார்கள்; நான் விழுந்தது இன்றுதான்.

"பொணத்துக்கு டயலாக் இல்ல அங்கிள்." பிறகு பாவம் பார்த்து, "மூணாவது எபிசோடுக்குக் கூட்டம் கத்தணும். வர்றீங்களா?"

ஆறு பேர் நின்று ஐம்பதாயிரம் பேராகக் கத்தினோம். யாருக்கு வாழ்க என்று பிறகுதான் சொன்னாள். என்னைக் குத்திய நாலு பேரில் ஒருவனுக்கு. மற்றவர்களைவிடச் சத்தமாகவே போட்டேன்.

கதிருக்கு போன். "இன்னும் இருக்கேன்டா. கூட்டத்துல."

"கூட்டத்துலயா? சரிப்பா. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் வருகிறான் என்றுதான் பொருள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 21, சனி

வெயில். மட்டன் இரண்டு கிலோ. தேக்கா கறிக்கடைக்காரர்: "என்ன செனட்டரே, ரோமே சாப்பிட வருதா?"

"மகன் வர்றான்."

மதியம் மீரா போன். மூன்றாம் பகுதித் தமிழ் ஒலியில் கோளாறாம். இன்று வராது, அடுத்த வாரம்தானாம். கதிரிடம் சொல்லவில்லை. வந்து உட்காரட்டும், சோறு போடும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று தட்டு கழுவி வைத்தேன். முறுக்கும் எடுத்து வைத்தாயிற்று.

விளக்குப் போட்ட நேரம் செய்தி வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, ஷாலினிக்கு டயர்டு. வீட்லயே தமிழ்ல பாத்துட்டோம். அவ்வளவு கூட்டத்துலயும் உங்க குரல் தனியா தெரிஞ்சிச்சு. சூப்பர்ப்பா."

இரண்டு தரம் படித்தேன். நன்றிடா என்று அனுப்பினேன்.